ஒரே நாரிக்கு 27, 41, 49 பாகை: எக்ஸ்ரேயில் கீழ்முதுகின் வளைவை எங்கிருந்து எங்கே அளப்பது?

உப்புவெளி வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிப்பவன், வயது 44. நாள் முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதால் வந்ததோ, உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவதால் வந்ததோ தெரியவில்லை, மாசி மாதத்திலிருந்து நாரிப்பிடிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறது. காலுக்குள் இறங்கும் நோவோ விறைப்போ இல்லை. நான் கேட்க வந்தது நோவைப் பற்றியல்ல, அதை முன்னிட்டு எடுத்த எக்ஸ்ரே படங்களில் எழுதப்பட்டிருந்த எண்களைப் பற்றியே.

முதலில் தனியார் நிலையமொன்றில் பக்கவாட்டுப் படம் எடுத்தேன். ‘லம்பார் லோர்டோசிஸ் (நாரியின் உள்வளைவு) இழக்கப்பட்டுள்ளது, 27 பாகை’ என்று அறிக்கையில் இருந்தது. இழக்கப்பட்டுள்ளது என்ற சொல்லை வாசித்த பிறகு இரண்டு நாட்களாக என் முதுகு பலகையாகிவிட்டது என்றே எண்ணிக்கொண்டு திரிந்தேன். ஆறு வாரங்கள் கழித்து, என்னைப் பார்த்த வைத்திய நிபுணர் வேறோரிடத்தில் எடுப்பித்த படத்தின் அறிக்கையிலோ ‘49 பாகை, வளைவு இயல்பானது’ என்றிருந்தது. இடைப்பட்ட காலத்தில் எண்ணெய் பூசியதும், பாரம் தூக்காமல் இருந்ததும் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

கணித வாத்தியாருக்கு இது பொறுக்குமா? முதற் படத்தை வீட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, பென்சிலால் கோடிட்டு, வகுப்புக்குக் கொண்டுபோகும் பாகைமானியால் நானே அளந்தேன். ஐந்தாவது நாரி முள்ளென்புக்குக் கீழே சாய்வாகத் தெரியும் திருவென்பின் மேல் விளிம்பு வரை அளந்தபோது 41 வந்தது. இரண்டு நாட்களில் ஐந்து தடவை அளந்ததில் 39, 41, 42, 41, 43 என்று வந்ததே தவிர, ஒரு தடவைகூட 27க்கு அருகில் வரவில்லை.

ஊர்ப்பெயரிலேயே கோணத்தை வைத்திருக்கும் நாம் ஒரு கோணத்தை அளக்கத் தெரியாமல் நிற்பது கோணேசருக்கே அடுக்காது என்பதால் கேட்கிறேன். இந்த வளைவை எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை அளக்க வேண்டும்? ஆறே வாரத்தில் ஒருவருடைய வளைவு 22 பாகை கூடுமா? இயல்பு என்று சொல்லப்படும் எண்தான் எது?


உவர்மலை ஓய்வாளர் எழுதியது:

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே அறையிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுடைய மூன்று எண்களும் சரியாகவே இருக்கக்கூடும். அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். பிழை என்னவென்றால், எந்தக் கேள்விக்கான விடை என்று அறிக்கையில் யாரும் எழுதிவைக்கவில்லை.

முதலில் அளக்கும் முறையைப் பார்ப்போம். பெரும்பாலானோர் பயன்படுத்துவது கொப் முறை. நியூயோர்க்கில் பணியாற்றிய என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் றொபேர்ட் கொப் 1948 இல் அதை விளக்கி எழுதியபோது அவர் மனதில் இருந்தது நாரியின் உள்வளைவு அல்ல, முள்ளந்தண்டு பக்கவாட்டில் கோணும் பக்கக் கூனல். முன்பக்கமிருந்து எடுத்த படத்துக்காகச் சொன்னதைப் பின்வந்தவர்கள் பக்கவாட்டுப் படத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். முதலாம் நாரி முள்ளென்பின், அதாவது எல் 1 இன், மேல் விளிம்பில் முன்மூலையையும் பின்மூலையையும் தொட்டு ஒரு கோடு கீறுகிறோம். அதே போலத் திருவென்பின், அதாவது எஸ் 1 இன், மேல் விளிம்பில் இன்னொரு கோடு. இவ்விரு கோடுகளும் முதுகுக்குப் பின்னால் சந்திக்கும். ஆனால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் படத்துக்கு வெளியே போய்விடும் என்பதால், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செங்குத்து கீறி, அந்தச் செங்குத்துகள் வெட்டும் இடத்தில் பாகைமானியை வைக்கிறோம். இரண்டு கோடுகளுக்கு இடையிலான கோணமும் அவற்றின் செங்குத்துகளுக்கு இடையிலான கோணமும் சமம் என்பதை உங்களுக்கு நான் நிறுவிக்காட்டத் தேவையில்லை.

குழப்பம் கீழ் எல்லையில்தான் தொடங்குகிறது. சிலர் எஸ் 1 இன் மேல் விளிம்பு வரை அளக்கிறார்கள். சிலர் எல் 5 இன் கீழ் விளிம்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாரி முள்ளென்புகள் ஐந்துதானே, ஐந்தாவதோடு நிறுத்துவதுதான் முறை என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் அப்படி நிறுத்தும்போது எல் 5க்கும் திருவென்புக்கும் இடையிலுள்ள இடைத்தட்டு, நாம் டிஸ்க் என்று சொல்வது, கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. உங்கள் படத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். அந்த இடைத்தட்டு சமதடிப்பாக இருக்காது. விறகு பிளக்கும் ஆப்பைப் போல முன்புறம் அகன்று பின்புறம் ஒடுங்கியிருக்கும். அந்த ஓர் ஆப்பு மட்டுமே பலரில் 10 தொடக்கம் 20 பாகையைத் தருகிறது. எல் 4 இலிருந்து எஸ் 1 வரையுள்ள பகுதியிலேயே மொத்த வளைவின் மூன்றில் இரண்டு பங்கு அடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால், அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டு அளப்பதன் விளைவு உங்களுக்குப் புரியும். உங்களுடைய 27க்கும் 41க்கும் இடையிலுள்ள 14 பாகை இங்கேதான் போயிருக்கிறது என்பது என் ஊகம். அதே முதற் படத்தில் எல் 5 இன் கீழ் விளிம்பு வரை அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது விடயம். இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். முதற் படம் எடுத்தபோது உங்களை மேசையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார்களா? வழக்கமாக அப்படித்தான் செய்வோம். நேராக நீட்டிய கால்களோடு ஒருக்களித்துப் படுத்தவர் உருண்டுபோவார். மடக்கினால் அசையாமல் கிடப்பார், படம் கலங்காது. என்பு முறிவு இருக்கிறதா, முள்ளென்பு நசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தப் படம் தாராளமாகப் போதும். ஆனால் தொடையை வயிற்றுப் பக்கம் மடக்கும்போது இடுப்பு பின்னோக்கிச் சுழல்கிறது, நாரி தட்டையாகிறது. நாமே முழங்காலை மடக்கச் சொல்லி வளைவைத் தட்டையாக்கிவிட்டு, பிறகு வளைவு இழக்கப்பட்டுள்ளது என்று எழுதுவது எவ்வளவு நியாயம்? ‘தசைப்பிடிப்பினால் வளைவு நேராகியுள்ளது’ என்ற வாக்கியத்தை என் காலத்தில் எத்தனையோ அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை தசையின் வேலை, எத்தனை எங்கள் மேசையின் வேலை என்று யாரும் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை.

வளைவை அளப்பதற்கென்றே எடுக்கும் படம் நின்றபடிதான் எடுக்கப்பட வேண்டும். பாதங்கள் தோளகலத்தில், முழங்கால்கள் நேராக, பார்வை நேர்முன்னால் இருக்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டால் அவை முள்ளந்தண்டை மறைக்கும். முன்னால் நேராக நீட்டினால் உடல் பின்னோக்கிச் சாய்ந்து சமநிலை மாறிவிடும். ஆகவே முழங்கையை மடித்து, விரல்களைப் பொத்திக் காறையெலும்பின்மேல் வைக்கச் சொல்வோம். படத்துக்குள் பன்னிரண்டாம் நெஞ்சு முள்ளென்பு தொடக்கம் தொடையென்பின் தலைகள் வரை விழுந்திருந்தால் இன்னும் நல்லது. அதன் பயனை வேறு யாராவது சொல்வார்கள்.

கதிர் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதால், படத்தின் நடுவிலுள்ள எல் 3 இன் விளிம்பு ஒற்றைக் கோடாகத் தெரியும்போது, ஓரங்களிலுள்ள எல் 1 உம் எஸ் 1 உம் இரட்டைக் கோடாக, முட்டைவடிவாகத் தெரியக்கூடும். ஒருக்களித்துப் படுத்தவரின் இடை மேசைப் பக்கம் தொய்ந்தாலும் இதேதான் நடக்கும். அதற்காகவே இடையின் கீழ் மடித்த துணியொன்றை வைப்போம். அப்படி இரண்டு கோடு தெரிந்தால் இரண்டுக்கும் நடுவே உங்கள் கோட்டைக் கீறுங்கள். படம் பெருப்பித்துத் தெரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீளம் மாறும், கோணம் மாறாது. ஆனால் படத்தைக் கைத்தொலைபேசியில் சரிவாகப் பிடித்து, அந்தப் புகைப்படத்தில் அளந்தால் கோணமும் மாறிவிடும். யன்னல் கண்ணாடியில் வைத்து நேரடியாக அளந்தீர்களே, அது புத்தி.

உங்களுடைய 39 தொடக்கம் 43 வரையான ஐந்து அளவுகளும் கைதேர்ந்தவர்களுக்கும் வரும் வித்தியாசம்தான். 5 பாகை அளவுக்குள் வரும் மாற்றத்தை மாற்றமென்றே நான் எடுப்பதில்லை.


கிண்ணியாப் பாலத்தடி எழுதியது:

ஐயாவின் பதிலை வாசித்துவிட்டு என் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். எனக்கும் இரண்டாவது பிள்ளை பிறந்த வருடம் இதே வாக்கியத்தை எழுதித் தந்தார்கள். அதைப் பார்த்துப் பயந்து, நாரிக்கடியில் தலையணை வைத்துப் படுத்து வளைவைத் திரும்பக் கொண்டுவர முயன்றேன். அதனால் கூடியது நோ மட்டுமே. படம் எடுக்கும்போது முழங்காலை நெஞ்சுக்குக் கிட்டவாகவே மடக்கவைத்தார்கள் என்பது இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது நோ இல்லை. சரியான கோணத்தை அறிவதற்காக நின்றபடி இன்னொரு படம் எடுக்கலாமா?


உவர்மலை ஓய்வாளர் எழுதியது:

தங்கச்சி, எடுக்க வேண்டாம். நோ இல்லாதவருக்கு ஓர் எண்ணை அறிவதற்காக மட்டும் கதிர் பாய்ச்சுவதை நான் சேவையில் இருந்தபோதும் விரும்பியதில்லை. நாரிப் பகுதிக்கான வழக்கமான எக்ஸ்ரே பரிசோதனையொன்றில் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சின் அளவு சுமார் 1.5 மில்லிசீவேர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெறுவது சுமார் 2.4. ஆகவே ஒரு பரிசோதனை ஏழெட்டு மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். புல்மோட்டைக் கனிய மணலில் தோரியம் கலந்த மொனசைட்டும் இருக்கிறது என்பதைக் கேட்டு அந்தப் பக்கம் போகவே அஞ்சுபவர்கள், எக்ஸ்ரே என்றவுடன் இன்னொரு படம் எடுத்தால் என்ன என்று கேட்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அளவு பெரிதல்ல, ஆனால் மார்புப் படத்தைவிடப் பல மடங்கு கூடியது. நாரிப் படத்தில் சூலகங்களும் கதிரின் வழியிலேயே இருக்கின்றன. தேவை இருந்தால் தயங்க வேண்டாம், தேவையில்லாமல் வேண்டாம்.


உப்புவெளி வாத்தியார் எழுதியது:

உவர்மலை ஐயாவுக்கு மிக்க நன்றி. நேற்றுப் பின்னேரம் பாடசாலை விட்டு வந்ததும் மீண்டும் யன்னலில் படத்தை ஏற்றினேன். நீங்கள் சொன்னபடி எல் 5 இன் கீழ் விளிம்பு வரை அளந்தபோது 26, 27, 29 என்று வந்தது. அறிக்கையில் இருந்த 27 அதுவேதான். முழங்காலை மடக்கச் சொன்னார்களா என்று கேட்டிருந்தீர்கள்; மடக்கச் சொன்னது மட்டுமன்றி, ‘இன்னும் கொஞ்சம்’ என்று இரண்டு தடவை சொல்லி மடக்கவைத்தார்கள்.

இரண்டாவது படம் நின்றபடி எடுக்கப்பட்டது. அதைக் குறுந்தட்டில் தந்திருந்ததால் கணினியிலேயே கோடிட்டு அளக்க முடிந்தது. எஸ் 1 வரை 49, எல் 5 இன் கீழ் விளிம்பு வரை 34. ஆகவே என் ஆறு வாரத்து 22 பாகையில் 14 பாகை எந்த விளிம்பு என்ற தெரிவினால் வந்தது. மீதி 8 பாகை படுத்ததற்கும் நின்றதற்கும் இடையிலானது, அதிலும் ஒரு பகுதி என் கைப்பிழையாக இருக்கலாம். முதுகு தன் பாட்டில் எதையும் இழக்கவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. பரீட்சைத் தாளில் அலகை எழுதாமல் விடை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நான் பாதிப் புள்ளிதான் கொடுப்பேன். அந்த அறிக்கைக்கும் அதுவே.

ஆனால் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. 49 இயல்பு என்று எதை வைத்துச் சொன்னார்கள்? இணையத்தில் ஓரிடத்தில் 40 தொடக்கம் 60 என்றும், இன்னோரிடத்தில் 30 தொடக்கம் 80 என்றும் இருக்கிறது. 30க்கும் 80க்கும் இடையில் எதுவும் இயல்பென்றால் அளப்பதால் ஆகப்போவது என்ன?


இயன்மருத்துவ அக்கா எழுதியது:

வணக்கம் ஆசிரியர் அவர்களே. நான் இயன்மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்களுடைய கடைசிக் கேள்வி மிகச் சரியான கேள்வி. பலர் அதைக் கேட்பதற்கு முன்பே பயிற்சி செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

நின்ற நிலையில் எல் 1 தொடக்கம் எஸ் 1 வரை அளந்தால், நோவே அறியாத ஆட்களிலும் 30 பாகையை ஒட்டியவர்கள் இருக்கிறார்கள், 80 பாகையை எட்டியவர்களும் இருக்கிறார்கள். 40 தொடக்கம் 60 என்பது அந்தக் கூட்டத்தின் நடுப்பகுதி, அவ்வளவுதான். இவ்வளவு பரந்து கிடப்பதற்குக் காரணம் நாரியில் இல்லை, அது ஏறி நிற்கும் இடுப்பில் இருக்கிறது. கோயில் தேரின் அடிப்பீடம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மேல்தட்டுகளை மறுபுறம் வளைத்துக் கட்டினால்தானே கலசம் நேராக நிற்கும்? திருவென்பின் மேல் விளிம்பு முன்னோக்கிச் சரிந்திருப்பவருக்கு, தலை தொடைகளுக்கு நேர்மேலே வரவேண்டுமானால், நாரி கூடுதலாக வளைந்தே ஆக வேண்டும். சரிவு குறைந்தவருக்குக் குறைந்த வளைவே போதும். அவருடைய 38 பாகை அவருக்கு இயல்பு.

இதை எண்ணாக்கித் தந்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த துவால்-போப்பேரும் அவருடைய சகாக்களும். 1990களில் அவர்கள் முன்வைத்த பெல்விக் இன்சிடென்ஸ் என்ற கோணத்தை இங்கே இடுப்பின் நிலைக்கோணம் என்று சொல்கிறேன். வளர்ச்சி முடிந்த பின் அது பெரும்பாலும் மாறாமல் நிலைத்திருப்பதால் இந்தப் பெயர் பொருந்தும். ஒருவர் படுத்தாலும் நின்றாலும் குனிந்தாலும் அது அதேதான். அளப்பது இப்படி: பக்கவாட்டுப் படத்தில் இரண்டு தொடையென்புத் தலைகளும் வட்டங்களாகத் தெரியும், அவற்றின் மையங்களை இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ் 1 இன் மேல் விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு கீறுங்கள். அதே நடுப்புள்ளியிலிருந்து அந்த விளிம்புக்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்டதே நிலைக்கோணம். பெரியவர்களில் இது சராசரியாக 50 பாகையை அண்டி இருக்கும்; ஆனால் 35 உள்ளவரும் உண்டு, 80 உள்ளவரும் உண்டு. உவர்மலை ஐயா தொடையென்பின் தலைகளும் படத்துக்குள் விழ வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

கணித ஆசிரியருக்கு ஒரு சிறிய சரிபார்ப்பும் இருக்கிறது. எஸ் 1 விளிம்பு கிடைக்கோட்டோடு ஆக்கும் கோணம் திருவென்பின் சாய்வு. எஸ் 1 இன் நடுப்புள்ளியிலிருந்து தொடைத்தலைகளின் நடுப்புள்ளிக்குச் செல்லும் கோடு நிலைக்குத்தோடு ஆக்கும் கோணம் இடுப்பின் பின்சரிவு. இவை இரண்டின் கூட்டுத்தொகை நிலைக்கோணத்துக்குச் சமம். நிற்கும் விதத்தைப் பொறுத்து முதலாவது குறைய இரண்டாவது கூடும், கூட்டுத்தொகை மாறாது. ஏன் என்று நீங்களே நிறுவிவிடுவீர்கள்.

நாரி வளைவும் நிலைக்கோணமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும் என்பது இதிலிருந்து பிறந்த வழிமுறை. பெரியவர்களின் முள்ளந்தண்டு உருக்குலைவுக்காக ஷ்வாப்பும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட வகைப்பாட்டில், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 10 பாகைக்குள் இருந்தால் பொருத்தமானதாகக் கொள்ளப்படுகிறது. அது சத்திரசிகிச்சையைத் திட்டமிடுபவர்களுக்காகப் பிறந்த அளவுகோல் என்பதை மறக்க வேண்டாம். நாரிப்பிடிப்போடு வரும் ஒவ்வொருவர் தலையிலும் அதை ஏற்றக் கூடாது.

ஒரே எண் இரண்டு முதுகுகளை ஒன்றாக்கிவிடுவதும் இல்லை. கொப் முறை மேல் நுனியையும் கீழ் நுனியையும் மட்டுமே பார்க்கிறது. இடையில் வளைவு எப்படிப் போகிறது என்று அதற்குத் தெரியாது. எல் 5 அருகே சடாரென்று வளைந்து மேலே நேராகப் போகும் முதுகும், எல் 3ஐ நடுவாக்கி மெதுவாக வளையும் முதுகும் ஒரே பாகையைத் தரக்கூடும். ருசூலியும் சகாக்களும் 160 தன்னார்வலர்களின் படங்களைப் பார்த்து 2005 இல் இயல்பான முதுகையே நான்கு வகையாகப் பிரித்தது இந்தக் குறையை உணர்ந்ததால்தான். முள்ளென்புகளின் பின்விளிம்புகளின் வழியே தொடுகோடுகள் கீறி, ஒவ்வோர் இணைக்கும் இடையிலான கோணத்தைத் தனித்தனியாக அளக்கும் ஹரிசன் முறையும் இருக்கிறது. வயதானவர்களில் மேல், கீழ் விளிம்புகளின் முன்மூலையில் என்பு பறவையின் அலகுபோல் வளர்ந்து கோட்டைத் திசைதிருப்பிவிடும் என்பதால், அவர்களுக்கு அந்தத் தொடுகோட்டு முறை எனக்குப் பிடிக்கும். கொப் முறையிலேயே அளக்க வேண்டியிருந்தால், அந்த அலகின் நுனியை விட்டுவிட்டுப் பழைய மூலை எது என்று தேடிக் கோட்டை வைக்க வேண்டும்.

இன்னொன்று, எண்ணுவதில் கவனம் வேண்டும். சிலருக்கு ஐந்தாவது நாரி முள்ளென்பு திருவென்போடு பாதி ஒட்டியிருக்கும். சிலருக்குத் திருவென்பின் முதற் பகுதி கழன்று ஆறாவது நாரி முள்ளென்புபோல நிற்கும். இது அரிதான விடயமல்ல. கீழிருந்து மட்டும் எண்ணிக்கொண்டு போனால் எல் 1 என்று நினைத்தது வேறொன்றாகிவிடும். நேர்முகப் படத்தில் கடைசி விலாவென்பு எந்த முள்ளென்பில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கீழே எண்ணுங்கள்.

கிண்ணியாச் சகோதரிக்கும் ஒரு சொல். பெண்களில் நாரியின் பின்புற ஆப்பு வடிவம் எல் 3 தொடக்கம் எல் 5 வரை மூன்று முள்ளென்புகளில் பரவியிருக்கிறது, ஆண்களில் கீழுள்ள இரண்டில் மட்டுமே என்று 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போது பாரத்தைத் தொடைகளுக்கு மேல் இழுத்துக்கொள்வதற்கு அது உதவுகிறது. தலையணையால் அதை மாற்றத் தேவையில்லை, மாற்றவும் முடியாது.


கோணேசபுரி மாணவன் எழுதியது:

நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்கிறேன். நாரிப்பிடிப்புள்ளவர்களில் வர்மப் புள்ளிகளை அழுத்தியும் உடலைப் பிடித்துவிட்டும் செய்யும் வர்ம, தொக்கணச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வளைவை அளந்து ஒப்பிடலாமா என்று யோசித்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு எக்ஸ்ரே எடுப்பது முறையல்ல என்று இந்த இழையை வாசித்ததும் புரிகிறது. வளையும் அளவுகோலை முதுகில் பதித்து வரைந்து அளக்கும் முறை போதுமானதா அக்கா?


இயன்மருத்துவ அக்கா எழுதியது:

தம்பி, அந்த அளவுகோல் தோலின் வளைவைத் தருகிறது. எக்ஸ்ரே முள்ளென்புகளின் உடல்களுடைய வளைவைத் தருகிறது. இடையில் கொழுப்பும், தசையும், முள்ளென்புகளின் பின்முளைகளும் இருக்கின்றன. பருத்த ஒருவரின் முதுகு வெளியே ஆழமாக வளைந்து தெரிந்தாலும் உள்ளே சாதாரணமாக இருக்கலாம். ஆகவே அதில் வந்த எண்ணை எக்ஸ்ரேயில் வந்த எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒரே ஆளை, ஒரே நிலையில், ஒரே கையால், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப அளந்து மாற்றத்தைப் பார்க்கலாம். அதற்கு மட்டும் சரி. உங்கள் ஆய்வில் நோவின் அளவையும், குனிந்து நிமிரும் தூரத்தையும் முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். வளைவு கூடினால் நோ குறையும் என்ற எடுகோளோடு தொடங்கினால், தலைகீழாகத் தொடங்குகிறீர்கள்.


உப்புவெளி வாத்தியார் எழுதியது:

அக்கா, அளந்துவிட்டேன். இரண்டாவது படத்தில் இரண்டு தொடைத்தலைகளும், ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டாலும், தெளிவாகத் தெரிந்தன. நிலைக்கோணம் 52. திருவென்பின் சாய்வு 38, பின்சரிவு 14, கூட்டினால் 52. முதல் தடவை 55 வந்தது. பிறகு பார்த்தால் ஒரு தொடைத்தலையின் மையத்தை மட்டும் எடுத்திருந்தேன். நாரி வளைவு 49 என்பதால் வித்தியாசம் 3 பாகை.

நிறுவலும் சுலபம்தான். விளிம்பு கிடைக்கோட்டோடு ஆக்கும் கோணமும், அதன் செங்குத்து நிலைக்குத்தோடு ஆக்கும் கோணமும் சமம். அந்தச் செங்குத்து நிலைக்குத்துக்குப் பின்னால் விழுகிறது, தொடைத்தலைக் கோடு முன்னால் விழுகிறது. நிலைக்குத்து இரண்டுக்கும் நடுவே நிற்பதால் இரு கோணங்களும் கூடுகின்றன. உயர்தரப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் இதைப் பயிற்சியாகக் கொடுக்கப்போகிறேன், யாருடைய இடுப்பு என்று சொல்லாமல்.

நாளை கிளினிக் நாள். முதற் படத்தின் உறையில் ‘ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடக்கி, எல் 1 மேல் விளிம்பு தொடக்கம் எல் 5 கீழ் விளிம்பு வரை, 27’ என்றும், இரண்டாவதன் உறையில் ‘நின்றபடி, எல் 1 மேல் விளிம்பு தொடக்கம் எஸ் 1 மேல் விளிம்பு வரை, 49’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.